முட்டையில் கண்ட புழு

வீட்டுக்கு வேண்டிய விஞ்ஞான விஷயம் ஏதேனும் ஒன்றை வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் நேயர்களுக்குச் சொல்லி வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுவதே இதுவரையில் வழக்கம். தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொல்லி, அதனால் ஓர் ஏழைக் கிழவியின் பிழைப்பில் மண்ணைப் போட்ட கதையை இந்த வாரம் சொல்லப் போகிறேன். கோழி வளர்க்காதவர்களும், முட்டை என்ற பேச்சையே வீட்டில் எடுக்காதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் கோழியில் ஆரம்பித்தாலும், நம் வீட்டுக் குழந்தைகளிடத்தில் வந்துதான் முடிகிறது.

சென்ற ஐப்பசி மாதம், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை வேளை. என் மனைவி குழந்தைக்காக ஒரு முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றியவள் "ஐயோ!" என்று கூவிப் பின்வாங்கினாள். என்னவோ ஏதோவென்று நான் ஓடிப் பார்த்தேன். இடியாப்பத்து இழை ஒன்றை நறுக்கிப் போட்டது போல, வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு புழு வெள்ளைக் கருவில் சுருண்டு கிடந்தது. முட்டையின் ஓட்டிலோ ஒரு கீறல் கூட இல்லை.

"ஓட்டில் ஓட்டை இல்லாமல் இது எப்படி உள்ளே போயிற்று?" என்று மனைவி கேட்டாள். மிகவும் நியாயமான கேள்வி. பி.எஸ்ஸி. பட்டம் பெற்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதிக்கிற எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அழுகின முட்டை. கோழிக் கூட்டை அசுத்தமாக வைத்திருந்தால் இப்படித்தான் புழுத்துப் போகும்" என்று ஒரு போடு போட்டேன். அவள் அதை நம்பினாள். நம்பியதோடு நில்லாமல் எதிர் வீட்டு அம்மாளிடமும் சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை. அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சக உபாத்தியாயர்களிடம் கொஞ்சம் அலங்காரம் சேர்த்துச் சொன்னேன். புழு ஒரு சாண் நீளம் இருந்ததாகச் சொன்னதாக ஞாபகம்.

எங்கள் தெருவுக்கு முட்டை கொண்டு வருகிறவள் ஒரு கிழவி. ஊர்க் கோடியில் ஒரு சிறு வீடும், பதினெட்டுக் கோழிகளும், தாயில்லாத ஒரு பேத்தியும் அவளுடைய ஆஸ்தி. அந்தப் பேத்தி எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். முட்டைக் காசுதான் அவளுடைய நோட்டுப் புஸ்தகமும், பென்சிலும், தீபாவளிப் பாவாடையும். என் பேச்சு கிளம்பிய பத்தாம் நாள் கிழவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடை நிறைய முட்டை இருந்தது.

"வாத்தியாரையா, என் முட்டையில பூச்சி இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்களாம். படிச்சவங்க சொன்னா ஊரு கேக்கத்தானே செய்யும்? ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சண்டைக்கு வந்திருந்தால் சமாதானமாவது பேசியிருப்பேன். "என்ன தப்பு?" என்று கேட்டு நின்றதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. என்ன தப்பு என்பது எனக்கே தெரியாதே! "இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், பாட்டி. விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிக் கூடையிலிருந்த முட்டைகளை நானே வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே கால்நடை மருந்தகத்துக்குச் சென்றேன்.

அங்கிருந்த மிருக வைத்தியர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து என் முன்னே வைத்தார். திராவகத்தில் மிதந்துகொண்டிருந்தது, என் வீட்டுக் கிண்ணத்தில் கிடந்தது போலவே ஒரு புழு. "முட்டை அழுகவில்லை, ஸார். கோழியின் வயிற்றிலே இருந்தவர் வழி தவறி முட்டைக்குள் போய்விட்டார்" என்றார்.

புழுவின் ஜாதகம்

கோழியின் குடலில் வாசம் செய்யும் புழுக்கள் பல ஜாதி. அவற்றுள் பெரியதும் எங்கும் காணப்படுவதும் பெரிய உருண்டைப் புழு. 1788-ஆம் வருஷத்தில் ஷ்ராங்க் என்னும் பவேரிய இயற்கை நூல் வல்லுநர் இதை வருணித்துப் பெயரிட்டார். இன்று சாஸ்திரிகள் இதை அஸ்காரிடியா கால்லி என்று அழைக்கிறார்கள். பெண் புழு 6 முதல் 12 சென்டிமீட்டர் வரையில் வளரும். ஆண் புழு அதைவிடச் சிறியது. இரண்டும் சிறு குடலில் இருந்துகொண்டு, கோழி கஷ்டப்பட்டுத் தேடித் தின்ற இரையில் பங்கு கேட்கின்றன.

பறவைகளின் உடலில் மலம் வருகிற வழியும் முட்டை வருகிற வழியும் கடைசியில் ஒரே வாசலில் வந்து சேருகின்றன. குடலிலிருந்து வெளியே வந்த புழு ஒன்று, எப்போதாவது ஒரு சமயம், அந்தப் பொது வாசலில் திரும்பி முட்டைக் குழாய்க்குள் ஏறிவிடுகிறது. மஞ்சள் கருவின் மேல் வெள்ளைக் கரு சேர்ந்து, அதன் மேல் ஓடு உருவாகும் இடம் அந்தக் குழாய். ஆகவே புழுவையும் உள்ளே வைத்தே ஓடு மூடிக்கொள்கிறது. என் மனைவி கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. புழு ஓட்டைத் துளைத்துக்கொண்டு போகவில்லை. புழுவைச் சுற்றித்தான் ஓடு கட்டப்பட்டது.

இப்படி நேருவது மிக அபூர்வம். பார்ப்பதற்கு அருவருப்பே தவிர அபாயமில்லை. இந்த ஜாதிப் புழு மனிதர் வயிற்றில் குடியேறுவதில்லை. "ஆனால் முட்டையில் ஒரு புழு தவறி வந்தால் கோழிக்குள் பல புழு இருக்கலாம் என்று அர்த்தம். முட்டைக்காகப் பயப்படாதீர்கள், குஞ்சுகளுக்காகப் பயப்படுங்கள்" என்றார் வைத்தியர்.

பெண் புழு இடும் முட்டைகள் ஆயிரக்கணக்கில் கோழியின் எச்சத்தோடு தரையில் விழுகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பன்னிரண்டு பங்கு செய்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவே ஒரு முட்டையின் நீளம். விழுந்த அன்றே அதைக் கோழி தின்றாலும் கெடுதலில்லை. அது பக்குவப்பட வேண்டும். ஈரமும் இளஞ்சூடும் நிழலும் கிடைத்தால், ஏறக்குறைய பத்து முதல் இருபது நாளுக்குள் முட்டைக்குள்ளேயே சிறு புழு உருவாகித் தயாராகிவிடுகிறது. சீதோஷ்ணம் மிகவும் அனுகூலமாக இருந்தால் அதற்கு முன்னாலும் ஆகலாம். அப்புறம் அது மாதக் கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும். நாம் சாதாரணமாகத் தெளிக்கும் கிருமி நாசினிகளுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. கொளுத்தும் வெயிலும், வறட்சியும், கொதிக்கும் நீருமே அதற்கு யமன்.

பக்குவமான முட்டையைக் கோழி கொத்தி விழுங்கியதும் அது வயிற்றில் பொரிக்கிறது. முதல் ஒரு வாரம் குஞ்சுப் புழு குடலின் உள்ளே சுதந்திரமாகத் திரிகிறது. பிறகு குடற்சுவரின் உள் ஜவ்வில் புதைந்துகொண்டு பத்து நாள் போல அங்கே தங்குகிறது. கோழிக்கு அதிகக் கஷ்டம் தருவது இந்தக் காலம்தான். ஜவ்வு புண்ணாகிறது, இரத்தம் கசிகிறது, தின்ற இரை உடலில் ஒட்டுவதில்லை. அதன் பிறகு புழு மறுபடியும் வெளியே வந்து வளர்ந்து, பொதுவாக ஐந்து முதல் எட்டு வாரத்தில் தானும் முட்டையிட ஆரம்பிக்கிறது. மூன்று மாதம் கடந்த கோழிக்கு இதைத் தாங்கும் சக்தி ஓரளவு வந்துவிடும். தாங்க முடியாமல் சாகிறவை குஞ்சுகளே. சத்தான இரையில்லாத குஞ்சுகள், முக்கியமாக வைட்டமின் ஏ போதாத குஞ்சுகள், முதலில் விழுகின்றன.

கிழவியின் கொல்லை

மறுநாள் வைத்தியரும் நானும் கிழவியின் வீட்டுக்குப் போனோம். கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கை மரம். அதன் அடியில் ஒரு பஞ்சாரம். பக்கத்தில் பாத்திரம் கழுவும் ஜலம் ஓடி எப்போதும் ஈரம் காயாத ஒரு மூலை. பஞ்சாரம் அந்த மூலையில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆன நாள் முதலாக இருந்து வருகிறதாம். பெரிய கோழியும் அங்கேதான், குஞ்சும் அங்கேதான். நொய்யும் தவிடும் போடுவதும் அதே தரையில்தான்.

குஞ்சுகளைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. சிறகு தொங்கிப் போயிருந்தது. இறகு பிசிறு பிசிறாக நின்றது. கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்தி போல் உறுத்தியது. இரை போட்டால் ஓடி வருகின்றன. ஆனால் தின்றது எங்கே போகிறதோ தெரியவில்லை. "போன வருஷம் பதினாலு குஞ்சு எறக்கினேன். மூணுதான் நின்னுது. கண்ணு பட்டுப் போச்சுன்னு சொன்னாங்க. சுத்திப் போட்டேன்" என்றாள் கிழவி.

ஊரில் கோழி செத்தால் "வெள்ளைக் கழிச்சல்" என்று சொல்லிவிடுவது வழக்கம். ராணிக்கேத் என்று இமயமலைப் பிரதேசத்து ஊரின் பெயரால் வழங்கும் அந்த நோய் வேறு. அது வைரஸ் கிருமியால் வருவது. வந்தால் நாலைந்து நாளில் கூட்டையே காலி செய்துவிடும். புழு அப்படிச் செய்யாது. கொள்ளைக்காரன் போல் ஒரே இரவில் வாரிக்கொண்டு போகாமல், வட்டிக் கடைக்காரன் போல் தினம் கொஞ்சமாக உறிஞ்சும். அதனால்தான் அதை ஒருவரும் நோயென்று கருதுவதில்லை. ராணிக்கேத்துக்குத் தடுப்பூசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பாகப் புழுவை நீக்கிவிடுவது நல்லது என்றும் வைத்தியர் சொன்னார். புழு தின்ற உடலில் தடுப்பூசியின் பலன் குறைகிறதாம்.

"மருந்து குடுக்காம இல்லைங்க. கடையில கேட்டு ரெண்டு தடவை வாங்கிக் குடுத்தேன். ஒரு மாசம் நல்லா இருக்கு. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்" என்றாள் அவள்.

வைத்தியர் காலால் தரையைக் காட்டினார். "பாட்டி, மருந்தைக் கோழிக்குக் கொடுத்தீர்கள். வியாதி இதோ, இந்த மண்ணில் இருக்கிறது. மண்ணுக்கு யார் மருந்து கொடுத்தார்கள்?" என்றார்.

இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். கோழிக்குள் இருக்கும் புழு ஒரு பங்கு என்றால், கொல்லையில் காத்திருக்கும் புழு முட்டைகள் பல்லாயிரம் பங்கு. கோழியைச் சுத்தம் செய்து அதே தரையில் விடுவது, பிள்ளையைக் குளிப்பாட்டி மறுபடியும் சேற்றில் இறக்குவதற்குச் சமானம்.

எட்டாம் வகுப்பில் ஒரு பரீட்சை

எந்தப் புழு என்று நிச்சயம் செய்துகொள்ளாமல் மருந்து கொடுப்பது வீண் என்று வைத்தியர் சொன்னதால், பரீட்சையைப் பள்ளிக்கூடத்திலேயே செய்து பார்க்க அவரிடம் அனுமதி பெற்றேன். செய்முறை எளிது. ஜலத்தில் இனிக் கரையாது என்னும் வரையில் உப்பைக் கரைக்க வேண்டும். புதிய எச்சத்தைச் சிறிதளவு அதில் கலந்து, தேநீர் வடிகட்டியால் வடித்து, சிறு குழாயில் விளிம்பு ததும்பும்படி ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைக்க வேண்டும். கெட்டியான உப்பு நீரில் புழு முட்டைகள் மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கால் மணி, இருபது நிமிஷம் கழித்துக் கண்ணாடியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம். வடிகட்டி மறுபடியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதையும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் பார்த்தவள் கிழவியின் பேத்தி. நெடுநேரம் கண்ணை எடுக்காமல் இருந்தாள். "ஸார், முட்டை வடிவமாக நிறைய இருக்கிறது. கோழி முட்டை மாதிரியே இருக்கிறது" என்றாள். கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் தன் பாட்டியின் முட்டைக் காசைத் தின்றுகொண்டிருக்கின்றன என்பதை அவள் உணர்ந்துகொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். புஸ்தகத்தில் படம் காட்டி நான் நடத்திய எந்தப் பாடத்தையும் அவர்கள் அவ்வளவு சிரத்தையோடு கேட்டதில்லை.

இந்த இடத்தில் மற்ற ஜாதிகளையும் சொல்லிவிட வேண்டும். எச்சத்தில் அரிசி மணி போன்ற வெள்ளைத் துண்டுகள் நெளிந்தால் அது நாடாப் புழு. நாடாப் புழு நேராகக் கோழிக்குள் போவதில்லை. இடையில் ஒரு வாகனம் வேண்டும். ஒரு ஜாதிக்கு எறும்பு வாகனம்; இன்னொன்றுக்கு வண்டு; மற்றொன்றுக்கு வீட்டு ஈ; வேறொன்றுக்கு நத்தை. உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கும் பைப்பரஸீன் மருந்து நாடாப் புழுவை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி ஊற்றுவதில் உள்ள ஆபத்து இதுவே.

பெருங்குடலின் முனையில் இரண்டு குருட்டுப் பைகள் உண்டு. அவற்றில் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள சிறு புழு ஒன்று வசிக்கிறது. கோழிக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் வான்கோழிக்கு அது யமதூதன். அமெரிக்காவில் வான்கோழிகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்ற "கருந்தலை" நோயை ஆராய்ந்த தியோபால்டு ஸ்மித் என்னும் மேதை, அதற்குக் காரணமான நுண்ணுயிரை 1895-ஆம் வருஷத்தில் வருணித்தார். அது எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் கால் நூற்றாண்டு விளங்காமல் இருந்தது. 1920-ஆம் வருஷத்தில் அவரும் கிரேபில் என்பவரும் சேர்ந்து, இந்தச் சிறு புழுவின் முட்டைகளை வான்கோழிக்கு ஊட்டி நோய் உண்டாவதைக் காட்டினார்கள். அந்த நுண்ணுயிர் புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இருக்கிறது. இப்போது நம் பக்கத்திலும் ஆசைக்காக இரண்டு வான்கோழி வளர்க்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கோழி திரிந்த தரையில் அவற்றை விடக் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தரைக்கு வைத்தியம்

கிழவியின் கோழிகளுக்கு வைத்தியர் நிறை பார்த்து மருந்து கொடுத்தார். குடற்சுவரில் புதைந்திருக்கும் இளம் புழுக்கள் சில மருந்துக்குத் தப்பிவிடும் என்பதால், அவர் குறித்த நாளில் மறுபடியும் ஒரு தடவை கொடுக்கப்பட்டது. மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் முட்டையை உண்ணாமல் விலக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். அதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அளவும் அவர் சொல்லும் அளவே. இவ்வளவுதான் மருந்துக் காண்டம். மீதியெல்லாம் துடைப்பக் காண்டம்.

புழு முட்டை பக்குவமடைய ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாக ஆகும் என்று சொன்னேன் அல்லவா? நமக்குப் பகவான் கொடுத்திருக்கும் அவகாசம் அதுதான். எச்சத்தைத் தினந்தோறும் பெருக்கி எடுத்துவிட்டால், அதிலுள்ள முட்டைகள் விஷமாவதற்கு முன்பே கொல்லையை விட்டுப் போய்விடுகின்றன. பெருக்கியதை எருக்குழியில் போட்டு மூடி வைத்தால், எரு மக்கும்போது உண்டாகும் சூட்டில் அவை அழிகின்றன. அப்புறம் அது செடிக்கு உரம்.

பஞ்சாரத்தை ஈர மூலையிலிருந்து எடுத்து வெயில் படும் மேட்டுக்கு மாற்றினோம். கழுநீர் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினோம். பழைய இடத்து மண்ணை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, முள் வைத்து அடைத்துக் கோழி போகாதபடி செய்தோம். வரும் சித்திரை வெயில் அதைக் காய்ச்சட்டும் என்று விட்டிருக்கிறோம். இரையைத் தரையில் இறைக்காமல் மூங்கிலைப் பிளந்து தொட்டியாக்கி அதில் போடச் செய்தோம். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல்லின் மேல் உயர்த்தினோம். எல்லாவற்றிலும் முக்கியமாக, குஞ்சுகளைப் பெரிய கோழிகள் திரிந்திராத தரையில் தாய்க்கோழியோடு தனியாக விட்டோம். பெரிய கோழிக்குப் புழு இருந்தாலும் அது நோயாளி போல் தெரியாது. தெரியாமலே விதைத்துக்கொண்டு போகும். தினம் ஒரு பிடி முருங்கைக் கீரையை நறுக்கிப் போடச் சொன்னார் வைத்தியர். மரம் கொல்லையிலேயே இருந்தது; இத்தனை நாளும் கோழிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு? பண்ணைக் கூண்டுக் கோழி முட்டை வாங்கினால் போயிற்று" என்று நேயர் ஒருவர் நினைக்கலாம். கம்பிக் கூண்டில் நிற்கும் கோழிக்கு இந்தப் புழு அரிது என்பது உண்மைதான். எச்சம் கம்பி வழியாகக் கீழே விழுந்துவிடுகிறது. கோழி அதைத் தொடுவதில்லை. ஆனால் சிறகை விரிக்க இடமில்லாத அந்தக் கூண்டு ஜீவகாருண்யத்துக்கு ஒவ்வாது என்று கருதி, ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் 1999-ஆம் வருஷத்தில் ஒரு விதி செய்து, 2012 முதல் பழைய மாதிரிக் கூண்டை விலக்கிவிட்டன. கோழிகள் தரைக்கு இறங்கின. உருண்டைப் புழுவும் அங்கே மறுபடியும் தலை காட்டியது. கோழிக்குச் சுதந்திரம் கொடுக்கிறவர்கள் தரையைக் கவனிக்கும் பொறுப்பையும் ஏற்கத்தான் வேண்டும். கிழவிக்கும் அதே நியாயம், சீமைப் பண்ணைக்காரருக்கும் அதே நியாயம்.

நம் வீட்டுக் குழந்தைகள்

இனி, ஆரம்பத்தில் சொன்னபடி குழந்தைகளிடத்துக்கு வருகிறேன். மனிதர் குடலில் வசிக்கும் உருண்டைப் புழு வேறு ஜாதி. கோழியிடமிருந்து அது வருவதில்லை. ஆனால் அதன் ஜாதகமும் ஏறக்குறைய இதேதான். ஒரு பெண் புழு ஒரே நாளில் இரண்டு லட்சம் முட்டை வரையில் இடும். அவை மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் பக்குவப்பட்டு, கழுவாத கையோடும் கழுவாத காய்கறியோடும் வயிற்றுக்குள் போகின்றன.

2015-ஆம் வருஷம் முதல் நம் தேசத்தில் குடற்புழு நீக்க நாள் கொண்டாடப்படுகிறது. பிப்ரவரி 10-ஆம் தேதியும், பல மாகாணங்களில் ஆகஸ்டு 10-ஆம் தேதியும் 1 முதல் 19 வயது வரையிலுள்ள பிள்ளைகளுக்கு அல்பெண்டஸோல் மாத்திரை கொடுக்கிறார்கள். நானே வகுப்பில் நின்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருக்கிறேன். கிழவி செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அவள் கோழிக்கு மருந்து கொடுத்துத் தரையை மறந்தாள். நான் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கைகழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, கழிப்பிடம் உபயோகிக்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க மறந்தேன். மாத்திரை அவசியம்; அதை எந்தப் பெற்றோரும் தட்டக் கூடாது. ஆனால் மாத்திரை பாதி வைத்தியம்தான். மற்றப் பாதி குழாயடியில் இருக்கிறது.

தை மாதத்தில் மறுபடியும் எச்சத்தை எடுத்துப் பரீட்சை செய்தோம். முட்டைகள் அடியோடு மறைந்துவிடவில்லை. முன்னே கண்ணாடி கொள்ளாமல் இருந்த இடத்தில் இப்போது தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. "இவ்வளவு போதும். அடியோடு ஒழிப்பது நம் உத்தேசமில்லை, கோழி தாங்கும் அளவுக்குள் வைப்பதுதான் உத்தேசம்" என்றார் வைத்தியர். மார்கழியில் இறக்கிய பன்னிரண்டு குஞ்சில் ஒன்பது நிற்கின்றன. பேத்தி இப்போது ஒவ்வொரு முட்டையையும் இருட்டில் கைவிளக்கின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே கூடையில் வைக்கிறாள். உள்ளே ஏதேனும் இருந்தால் நிழலாகத் தெரியும்.

நானும் என்னால் ஆன பிராயச்சித்தத்தைச் செய்தேன். யார் யாரிடம் அலங்காரமாகச் சொன்னேனோ அவர்களிடமெல்லாம் போய், "நான் சொன்னது தப்பு. முட்டை அழுகவில்லை, கிழவியிடம் குற்றமில்லை" என்று சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். "இருந்தாலும் மனசு ஒப்பவில்லை, ஸார்" என்றார்கள் சிலர். முதலில் சொன்ன பொய் ஒரு நாளில் தெருவெல்லாம் சுற்றி வந்தது. பின்னால் சொன்ன மெய் மூன்று மாதமாக நடந்தும் இன்னும் பாதித் தெருவைத் தாண்டவில்லை. முன்பு பதினொரு வீட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆறு வீட்டில் வாங்குகிறார்கள்.

சென்ற வாரம் கிழவி வந்தபோது இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "போகுது விடுங்க, வாத்தியாரையா. தரை காய நாளாகும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு, முட்டையை எண்ணி வைத்துக் காசை வாங்கிக்கொண்டு போனாள்.